கொடை நேரத்தில் 'குப்'பென்று புகை: ஆம்ப்ளிபயர் எரிவது ஏன்? ஸ்பீக்கர் மாட்டும்போது நடக்கும் தப்புகள்

தென்காசி:

பங்குனி பிறந்துவிட்டால் தென்காசி, திருநெல்வேலி பக்கம் ஊருக்கு ஊர் கொடைதான். பந்தல் போட ஆள் வருகிறதோ இல்லையோ, மைக்செட் வண்டி வந்து இறங்கிவிடும். புளியமரத்தில் ஒரு குழாய், பனைமரத்தில் ஒரு குழாய், ஊர் முக்கில் ரெண்டு, கோவில் முன்னாடி ஆளுயர பாக்ஸ். சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் பாட்டு போட்டால்தான் ஊருக்கே கொடை ஆரம்பித்த மாதிரி.

எல்லாம் நல்லபடியாகத்தான் போகும். ராத்திரி வில்லிசை சூடு பிடிக்கிற நேரம் பார்த்து, 'குப்'பென்று ஒரு வாடை. ஆம்ப்ளிபயர் பின்பக்கம் புகை. பாட்டு நின்று போகும். ஊர் மொத்தமும் மைக்செட்காரரைத் திரும்பிப் பார்க்கும்.

அந்த நேரத்தில் அவர் படும் பாடு சொல்லி மாளாது. வரி வாங்கிய கமிட்டிக்காரர்கள் ஒரு பக்கம் கத்துவார்கள். வில்லிசைக் குழு ஒரு பக்கம் முறைக்கும். எரிந்துபோன ஆம்ப்ளிபயரைச் சரி செய்ய, அந்தக் கொடையில் கிடைத்த வாடகை மட்டும் அல்ல, அடுத்த ரெண்டு கொடை வாடகையும் சேர்ந்து போகும். கேட்டால் 'கரண்ட் ஏறி இறங்கிடுச்சு' என்பார். சில நேரம் அதுவும் காரணம்தான். ஆனால் பாதிக்கு மேல் கோளாறு ஸ்பீக்கர் வயரை மாட்டிய விதத்தில்தான் இருக்கிறது.

இதை எழுதுகிற நானும் மைக்செட் பையனாக இருந்தவன்தான். எங்கள் மாமா வைத்திருந்த செட்டில், பத்தாம் வகுப்பு லீவில் ஆரம்பித்து நாலு வருஷம் வயர் சுற்றி இருக்கிறேன். அங்கே அடி வாங்கிக் கற்றுக்கொண்டதும், பிறகு ஆம்ப்ளிபயர் ரிப்பேர் பார்ப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே.

பாக்ஸ் கூடினால் பாரம் கூடும்

ஸ்பீக்கர் பின்னால் 4 ஓம்ஸ், 8 ஓம்ஸ், 16 ஓம்ஸ் என்று போட்டிருக்கும். பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. வாட்ஸ் மட்டும் பார்ப்பார்கள்.

ஓம்ஸ் என்பது கரண்டைத் தடுக்கிற அளவு. தண்ணீர்க் குழாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஓம்ஸ் கூட இருந்தால் குழாய் சின்னது, கொஞ்சமாகத்தான் போகும். ஓம்ஸ் குறைந்தால் குழாய் பெரிசு, நிறைய இழுக்கும். இழுப்பது யாரிடம் இருந்து? ஆம்ப்ளிபயரிடம் இருந்துதான்.

ஒரு 8 ஓம்ஸ் பாக்ஸ் ஓடிக்கொண்டு இருக்கிறது. அதே பிளஸ், மைனசிலேயே இன்னொரு 8 ஓம்ஸ் பாக்சையும் சேர்த்து மாட்டினால் மொத்தம் 16 என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. 4 ஓம்ஸ் ஆகிவிடும். ஒரு தொட்டிக்கு ஒரு குழாய்க்குப் பதில் ரெண்டு குழாய் வைத்தால் தண்ணீர் ரெண்டு மடங்கு போகுமே, அந்தக் கணக்கு. நாலு பாக்ஸ் மாட்டினால் வெறும் 2 ஓம்ஸ்.

ஆம்ப்ளிபயர் பின்னால் 'குறைந்தது 4 ஓம்ஸ்' என்று போட்டிருக்கும்போது 2 ஓம்ஸ் மாட்டினால், அது தாங்குகிற கரண்டைப் போல ரெண்டு மடங்கு இழுக்கும். மாட்டிய உடனே ஒன்றும் தெரியாது. அதுதான் ஏமாற்று. சத்தம் கூட முன்னைவிட நன்றாக இருக்கிற மாதிரி இருக்கும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஹீட்சிங்க் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும். அதன் பிறகு உள்ளே டிரான்சிஸ்டர் போய்விடும். போகும்போது சும்மா போகாது. பல டிரான்சிஸ்டர் செட்டுகளில் கரண்டை நேராக ஸ்பீக்கருக்குள் விட்டு, வாய்ஸ் காயிலையும் சேர்த்துக் கருக்கிவிட்டுத்தான் போகும்.

கொடையில் இது எப்போது நடக்கிறது தெரியுமா? மைக்செட்காரர் சாப்பிடப் போகிற நேரம். 'அந்தத் தெருவுக்குச் சத்தம் கேட்கல' என்று இளவட்டங்கள் யார் வீட்டிலோ இருந்து ரெண்டு பாக்ஸ் தூக்கி வந்து, இருக்கிற வயரிலேயே தோலைச் சீவி முறுக்கிவிடுவார்கள். அவர் திரும்பி வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

அப்படியானால் நாலு 8 ஓம்ஸ் பாக்சை ஒரே ஆம்ப்ளிபயரில் மாட்டவே முடியாதா? முடியும். ரெண்டு ரெண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் பாக்சின் மைனசை ரெண்டாவது பாக்சின் பிளசில் கொடுத்தால் ரெண்டும் தொடராகி 16 ஓம்ஸ். இந்த மாதிரி ரெண்டு ஜோடி. ஜோடிகளைப் பக்கம் பக்கமாக ஆம்ப்ளிபயரில் கொடுத்தால் 16-ம் 16-ம் சேர்ந்து 8 ஓம்ஸ். நாலு பாக்ஸ் பாடும், ஆம்ப்ளிபயருக்கு ஒரு பாக்ஸ் பாரம்தான். நாலும் ஒரே மாதிரி பாக்சாக இருந்தால்தான் இது சரி வரும். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது என்று கலந்தால் ஒன்று கத்தும், ஒன்று முனகும்.

கையில் மல்டிமீட்டர் இருந்தால் பாக்சை அளந்து பார்க்கலாம். 8 ஓம்ஸ் பாக்ஸ் மீட்டரில் 6 பக்கம்தான் காட்டும். பயப்பட வேண்டாம், அது சரிதான். ஒன்று, ஒன்றரை என்று காட்டினால் வாய்ஸ் காயில் கருகி ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாக்சை மாட்டவே கூடாது. முள்ளே அசையவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது.

குழாய்க்குத் தனி கணக்கு

மைக்செட் ஆம்ப்ளிபயர் பின்னால் வரிசையாக திருகுகள் இருக்கும். காம், 4, 8, 16, பிறகு 70 வோல்ட், 100 வோல்ட். இந்த 100 வோல்ட் எதற்கு என்று கேட்டால் பத்து வருஷம் செட் ஓட்டியவர்களே சில பேர் முழிப்பார்கள்.

விஷயம் இதுதான். கோவில் முன்னாடி இருக்கிற பாக்சுக்கு பத்து மீட்டர் வயர் போதும். ஊர் முக்கில் இருக்கிற குழாய்க்கு 100 மீட்டர் போக வேண்டும். போக 100, வர 100, ஆக 200 மீட்டர் செம்பு. 1 ஸ்கொயர் எம்.எம். வயர் என்றால் அந்த வயருக்கே சுமார் மூன்றரை ஓம்ஸ் இருக்கும். 8 ஓம்ஸ் ஸ்பீக்கரை நேராக அதில் மாட்டினால், போகிற பவரில் 100-க்கு 30 பங்கு வயரைச் சூடாக்கவே செலவாகிவிடும். சத்தம் குறையும். 'சத்தம் பத்தல' என்று வால்யூமைத் திருகுவார்கள். ஆம்ப்ளிபயருக்குத்தான் ஆபத்து.

அதற்குக் கண்டுபிடித்த வழிதான் 100 வோல்ட் லைன். மின்வாரியம் ஊர் விட்டு ஊர் கரண்ட் கொண்டு போகும்போது உயர் அழுத்தத்தில் கொண்டு போய், ஊருக்குள் டிரான்ஸ்பார்மர் வைத்து இறக்குகிறதே, அதே முறை. ஆம்ப்ளிபயரில் வோல்டேஜை ஏற்றி அனுப்பி, ஒவ்வொரு குழாய் பக்கத்திலும் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் வைத்து இறக்க வேண்டும். லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர் என்பார்கள். கடையில் எல்.எம்.டி. என்றாலே எடுத்துக் கொடுப்பார்கள். 100 வாட்ஸ் அனுப்பினாலும் வயரில் 1 ஆம்பியர்தான் ஓடும். அதே வயரில் 100-க்கு மூணு, நாலு பங்குதான் வீணாகும்.

இந்த லைனில் ஓம்ஸ் கணக்கே வேண்டாம். வாட்ஸ் கூட்டினால் போதும். 250 வாட்ஸ் ஆம்ப்ளிபயர் என்றால் 200-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது. 30 வாட்ஸ் குழாய் ஆறு மாட்டினால் 180. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், டிரான்ஸ்பார்மர் இல்லாத சாதா பாக்சை 100 வோல்ட் லைனில் கொடுப்பதில்தான். 8 ஓம்ஸ் பாக்சை 100 வோல்டில் கொடுத்தால் கணக்குப்படி 1250 வாட்ஸ் இழுக்கப் பார்க்கும். பாக்சும் தாங்காது, ஆம்ப்ளிபயரும் தாங்காது. ரெண்டில் எது முதலில் போகும் என்பதுதான் போட்டி. இன்னொன்று, 8 ஓம்ஸ் திருகில் ஒரு பாக்ஸ், 100 வோல்ட் திருகில் நாலு குழாய் என்று ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் பாரம் ஏற்றுவது. உள்ளே இருப்பது ஒரே டிரான்ஸ்பார்மர், அதன் காயிலில் இருந்துதான் இந்தத் திருகு எல்லாம் வருகிறது. பாக்சுக்குத் தனி ஆம்ப்ளிபயர், குழாய்க்குத் தனி ஆம்ப்ளிபயர் என்று வைப்பதுதான் சரி.

ஒரு எச்சரிக்கை. பாட்டு வயர்தானே என்று 100 வோல்ட் லைனை வெறும் கையில் தொடாதீர்கள். பாட்டு ஓடும்போது நன்றாகவே அடிக்கும். ஈரக்கையாக இருந்தால், மரத்தில் ஏறி நிற்கும்போது இருந்தால், அடித்த அடியில் கீழே விழுந்துதான் எலும்பு முறியும்.

ரெண்டு முள் பிளக் செய்த வேலை

எனக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். பக்கத்து ஊரில் அம்மன் கொடை. எங்கள் மாமா அப்போது எல்லா ஸ்பீக்கர் வயர் முனையிலும் வீட்டில் பயன்படுத்துகிற ரெண்டு முள் பிளக் மாட்டி வைத்திருந்தார். வயரை வயரோடு சட்டென்று சேர்க்கலாம், கழற்றலாம் என்கிற வசதிக்காக. அன்றைக்கு நிறைய செட்டுகளில் அதுதான் பழக்கம்.

பனைமரத்துக் குழாய் பாடவில்லை. 'போய் என்னன்னு பாருலே' என்றார் மாமா. போய்ப் பார்த்தால் பிளக் கழன்று தரையில் கிடந்தது. பக்கத்திலேயே சீரியல் லைட்டுக்குப் போட்ட ஜங்ஷன் பாக்ஸ். நான் வேறு யோசனையே இல்லாமல் அதை எடுத்து ஜங்ஷன் பாக்சில் சொருகிவிட்டேன்.

230 வோல்ட் நேராகக் குழாய்க்குள் போனது. மேலே இருந்து 'உர்ர்'ரென்று ஒரு சத்தம், இன்றைக்கும் காதில் இருக்கிறது. யூனிட் தீய்ந்து புகை வந்தது. பந்தலில் கரண்ட் போய் ஒரே இருட்டு. மாமா ஓடி வந்தார். 'ஏலே, அது பாட்டு வயருலே!' என்று கத்திக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினார். நல்லவேளை, அந்த மரத்தில் அப்போது யாரும் இல்லை. கொஞ்சம் முன்னால் வரைக்கும் மேலே உட்கார்ந்து கயிறு கட்டிக்கொண்டு இருந்தது என் வயதுப் பையன் ஒருத்தன்.

அன்றைக்கு ராத்திரியே மாமா எல்லா பிளக்கையும் வெட்டிப் போட்டார். எனக்கு விழுந்த அடி தனிக்கதை.

இப்போது ஸ்பீக்கருக்கு என்றே ஸ்பீக்கான் கனெக்டர் வந்துவிட்டது. சொருகித் திருகினால் பூட்டிக்கொள்ளும். கரண்ட் பிளக்கில் எந்தக் காலத்திலும் நுழையாது. அது இல்லாவிட்டாலும் திருகு வைத்த சாதா கனெக்டர் போதும். இன்றைக்கும் சில ஊர்களில் ஸ்பீக்கர் வயரில் ரெண்டு முள் பிளக்கைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

மூணாவது முள்ளை ஒடிக்காதீங்க

ஆம்ப்ளிபயரில் 'உம்ம்' என்று ஒரு இரைச்சல் வரும். அதை நிறுத்த நம் ஆட்கள் கண்டுபிடித்த வைத்தியம், பிளக்கில் எர்த் முள்ளை ஒடித்துவிடுவது. இரைச்சல் நிற்கலாம். ஆனால் அதற்குப் பிறகு ஆம்ப்ளிபயர் உள்ளே ஏதாவது வயர் உரசி பாடியில் கரண்ட் இறங்கினால், அது போக வேறு வழி இல்லை. மைக் வயரின் மேல் சுற்று, ஆம்ப்ளிபயர் பாடியோடு சேர்ந்திருக்கும். மைக்கின் இரும்புக் கூடும் அதோடு சேர்ந்ததுதான். வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று மைக்கில் வாய் வைத்துப் பாடுபவர் கதியை நினைத்துப் பாருங்கள்.

கோவிலில் எர்த் சரியாக இல்லை என்றால் முதலில் அதைச் சரி செய்யச் சொல்ல வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றைப் பலகையில் அடித்து மைக்செட்காரரே கொண்டு போகலாம். கரண்ட் வேறு வழியில் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அது கட் பண்ணிவிடும். ஒரு ஆம்ப்ளிபயர் ரிப்பேர் செலவை நினைத்தால் இது பெரிய காசு இல்லை. அடிக்கடி விழுகிறதே என்று அதைத் தாண்டி நேர் லைன் கொடுப்பவர்களும் உண்டு. விழுகிறது என்றால் எங்கேயோ கசிகிறது. அதைத்தான் தேட வேண்டும்.

பியூஸ் போனால் சிகரெட் ஜிகினா பேப்பரைச் சுற்றி வைக்கிற ஆட்களுக்கும் இதே பதில்தான். போட்டிருந்த ஆம்பியர் எதுவோ அதே பியூஸ்தான் போட வேண்டும். ரெண்டு தடவை போட்டும் போகிறது என்றால் மூணாவது பியூஸ் தேடாதீர்கள். ஸ்பீக்கர் லைனை எல்லாம் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எந்த லைனில் ஷார்ட் என்று தெரிந்துவிடும்.

குழாயை மின்கம்பத்தில் கட்டுவது, மின்கம்பி போகிற வழியில் மூங்கில் நடுவது, இரும்பு ஏணியைத் தூக்கிக்கொண்டு கம்பிக்குக் கீழே நடப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். தேருக்கு நடந்தது ஏணிக்கும் நடக்கும். கம்பி தாழ்வாக இருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லலாம்.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு

சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி, தகர டப்பாவில் அடைத்து, சொந்தமாக ஆம்ப்ளிபயர் செய்தவர்கள் நம் ஊரில் நிறைய பேர். 4440 போர்டு தெரியாத எலக்ட்ரானிக் பைத்தியம் கிடையாது. இப்போது அந்த இடத்தில் புளூடூத் போர்டு வந்திருக்கிறது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய ஸ்டீரியோ செட்டில் ரெண்டு ஸ்பீக்கரின் மைனசும் ஒன்றுதான், சேர்த்துக் கட்டினாலும் ஓடும். வயர் மிச்சம் என்று மூணே வயரில் ரெண்டு பாக்ஸ் ஓட்டியவர்கள் உண்டு. ஆனால் கார் செட், புளூடூத் போர்டு பலவற்றில் மைனஸ் என்று போட்டிருந்தாலும் அது எர்த் இல்லை. பிளஸ், மைனஸ் ரெண்டு முனையிலும் பாட்டு வரும். 'பிரிட்ஜ்' முறை என்பார்கள். பழைய பழக்கத்தில் ரெண்டு மைனசையும் சேர்த்தாலோ, தகர டப்பாவில் தொட்டாலோ, ஐ.சி. போய்விடும். சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக ரெண்டு வயர் இழுத்துவிடுங்கள், வம்பே இல்லை.

வயர் தோலைச் சீவும்போது பிசிறு விடாமல் நன்றாக முறுக்கித் திருகுங்கள். ஒரே ஒரு பிசிறு பக்கத்துத் திருகைத் தொட்டால் போதும்.

பிளஸ், மைனஸ் மாறினால் ஆம்ப்ளிபயருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு பாக்ஸ் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கும். பேஸ் சத்தம் காணாமல் போய்விடும். 'புது பாக்ஸ், பேசே இல்ல' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். அழிந்துபோன பாக்சில் எது பிளஸ் என்று கண்டுபிடிக்க கடிகாரத்தில் போடுகிற ஒன்றரை வோல்ட் பேட்டரி போதும். ஆம்ப்ளிபயரில் இருந்து கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் வயரில் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். பேப்பர் கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். உள்ளே போனால் மாற்றி.

பெட்டியின் மேல் '1000 வாட்ஸ்' என்று பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை நம்பி கணக்குப் போடாதீர்கள். அது பி.எம்.பி.ஓ. என்கிற விளம்பரக் கணக்கு. பின்னால் சின்ன எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதுதான் நிஜம். சில பெட்டியில் அதுவே போட்டிருக்காது.

சின்ன ஆம்ப்ளிபயர் பெரிய பாக்சை ஒன்றும் செய்யாது என்று நினைப்பதும் தப்பு. வால்யூமைக் கடைசி வரைக்கும் திருகி, பாட்டு கிழிந்து கரகரவென்று வந்தால், அந்தக் கிழிந்த சத்தம்தான் டுவீட்டரைத் தீய்க்கிறது. கரகரப்பு வந்த உடனே கால்வாசி குறைத்துவிட வேண்டும்.

மாட்டுகிற முறை

எங்கள் மாமா கடைசி வரைக்கும் வைத்திருந்த பழக்கம் இது. வயர் எல்லாம் இழுத்து முடிக்கும் வரை ஆம்ப்ளிபயர் பிளக்கைச் சொருக மாட்டார். பிளக் அவர் தோளில் தொங்கும். யாராவது பெரிய மனுஷன் வந்து 'ஒரு பாட்டு போடேன்' என்றாலும் 'இருங்க அண்ணாச்சி' என்பார், அவ்வளவுதான்.

எல்லாம் மாட்டிய பிறகு வால்யூமைப் பூஜ்யத்தில் வைப்பார். மிக்சரை முதலில் போடுவார், ஆம்ப்ளிபயரைக் கடைசியில்தான் போடுவார். அணைக்கும்போது ஆம்ப்ளிபயர் முதலில். இல்லாவிட்டால் 'டப்'பென்று ஒரு அடி ஸ்பீக்கரில் விழும். பிறகு மெதுவாக ஏற்றுவார். பத்து நிமிஷம் கழித்து ஆம்ப்ளிபயர் மேல் கை வைத்துப் பார்ப்பார். வெதுவெதுப்பு இருக்கலாம், சுடக்கூடாது. அதன் மேல் துண்டு போடுவது, வெற்றிலைத் தட்டு வைப்பது எதற்கும் விடமாட்டார். காற்றோட்டம் இல்லாவிட்டால் சரியாக மாட்டிய செட்டும் சூடாகிப் போகும்.

பழைய வால்வு செட் இன்னும் சில பேரிடம் இருக்கிறது. அதற்கு எல்லாம் தலைகீழ். டிரான்சிஸ்டர் செட்டை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. வால்வு செட்டை ஸ்பீக்கர் மாட்டாமல் வால்யூம் வைத்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். அதை இப்போது சுற்றித் தர ஆள் கிடைப்பது கஷ்டம்.

பாட்டு ஓடிக்கொண்டு இருக்கும்போது ஒரு குழாய் நின்றுபோனால், ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஒரு நிமிஷம் பாட்டு நின்றால் ஊர் ஒன்றும் சொல்லாது. யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் ஆளைத் தொடக்கூடாது, மெயினை அணைக்க வேண்டும். மெயின் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் காய்ந்த கம்பு, பிளாஸ்டிக் நாற்காலி எதையாவது வைத்து வயரைத் தள்ளிவிட்டு, 108-க்குப் போன் போட வேண்டும். உயர் அழுத்தக் கம்பியாக இருந்தால் கம்பைக் கொண்டும் கிட்டே போகக்கூடாது, மின்வாரியம் லைனை நிறுத்தும் வரை தள்ளித்தான் நிற்க வேண்டும். மாமா கொடைக்குப் போன உடனே முதலில் கேட்பது சாப்பாடு எங்கே என்று அல்ல, மெயின் சுவிட்ச் எங்கே என்றுதான்.